தம்பி கழற்றிக்கொண்டு போன படம்

என் தம்பி நம்மை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓர் ஆண்டு நிறைகிறது. அவர் மகள் என் வீட்டுக்கு வந்து, "அத்தை, அப்பா நினைவு மலருக்கு நீங்கதான் எழுதணும். அப்பாவ பொறந்த நாள்லருந்து பார்த்தவங்க நீங்க ஒருத்தருதான் மிச்சம்" என்றாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்துப் போடுவேன், பேருந்துப் பலகை படிப்பேன், கல்யாணப் பத்திரிகையில் யார் பெயர் விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிப்பேன். அவ்வளவுதான் என் படிப்பு. ஆனாலும் இதை வேறு யாரையும் எழுத விடவில்லை.

காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக்காரர் இறந்த பதினாறாம் நாள், உறவும் தெருவும் கூடியிருந்தபோது, தம்பியைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேன். இந்த மலர் யார் யார் கைக்குப் போகிறதோ அவர்களில் பாதிப் பேர் அன்று அங்கே இருந்தவர்கள். பந்தலில் சொன்ன வார்த்தையைச் சமையலறையில் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் அச்சில் ஏற்றச் சொன்னேன். எனக்கு வேகமாகச் சொல்ல வராது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முடிச்சூர் ஏரிக்குக் கீழே எங்கள் அப்பாவுக்கு இரண்டு காணி நஞ்சை. தம்பி பிறந்தது அங்கே, நடவு நேரத்தில். எனக்கு அப்போது ஐந்து வயது. அந்த வயல்களை நினைத்து உருகுகிறவள் அல்ல நான். வெயிலும் அட்டையும்தான் ஞாபகம். தம்பிக்கு எட்டு வயதாகும்போது அம்மா போய்விட்டார். அதற்குப் பிறகு அவருக்குச் சோறு போட்டது, தலை சீவிவிட்டது, அடித்தது எல்லாம் நான். என்னைப் பம்மலில் கட்டிக்கொடுத்தபோது அழாமல் இருந்தவர், மறு வாரமே சைக்கிளை மிதித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் நின்றார். "இன்னாடா?" என்றேன். "அங்க கொழம்பு நல்லால்ல" என்றார். என் வீட்டுக்காரர் பம்மல் தோல் தொழிற்சாலையில் மேஸ்திரி. அதிகம் சிரிக்காத மனிதர். அவரே அன்று, "வாடா மச்சான், இங்கயும் கொழம்பு சுமார்தான்" என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். அன்று பிடித்த நட்பு கடைசிவரை விடவில்லை.

பத்தாவது முடித்ததும் தம்பி பல்லாவரத்தில் ஒரு ஸ்டுடியோவில் படம் கழுவுகிற வேலைக்குச் சேர்ந்தார். பிறகு மேற்குத் தாம்பரத்தில் சொந்தமாகக் கடை போட்டார். உங்களில் பலருடைய கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு எல்லாம் அவர் கண் வழியாக வந்தவைதான். துக்க வீட்டில் எடுக்கும் படத்துக்கு அவர் கூலி வாங்கியதில்லை. பொய்ப் படம் எடுத்ததும் இல்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப ஒரு பெண்ணைப் படம் எடுக்கக் கூட்டிவந்த அம்மா, "கொஞ்சம் சேப்பா காட்டிடு தம்பி" என்றாளாம். "நேர்ல பார்க்க வர்ற அன்னிக்கி இன்னா பண்ணுவீங்க? அன்னிக்கும் என்ன கூப்புடுவீங்களா?" என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா வேறு கடைக்குப் போய்விட்டாள். இப்படி எத்தனையோ வாடிக்கையை வாயால் கெடுத்துக்கொண்டவர்.

அவரிடம் பல கேமராக்கள் இருந்தன. எனக்குப் பெயர் தெரியாது, நெகட்டிவ்வின் அளவை வைத்துத்தான் தெரியும். பெரிய ரோல் என்பார், அதில் ஒரு படத்தின் நெகட்டிவ் பிஸ்கட் அளவுக்குச் சதுரமாக இருக்கும். சின்ன ரோல், அது அஞ்சல் தலை அளவு. அரை ஃபிரேம் என்று ஒன்று. சின்ன ரோலில் ஒரு படம் விழுகிற இடத்தில் இரண்டு விழும். கட்டைவிரல் நகத்தளவுதான் நெகட்டிவ். பிலிம் மிச்சப்படுத்தப் பழசாக வாங்கியது. பிற்பாடு டிஜிட்டல் வந்தது. தெருவில் மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருந்தபோதே தம்பி வாங்கிவிட்டார். புதுசு என்றால் அவருக்குப் பகை கிடையாது. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு யாரும் தப்பாகப் பேசக்கூடாது.

டிஜிட்டல் வாங்கிய புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாலு கேமராவையும் தூக்கிக்கொண்டு பம்மலுக்கு வந்தார். நான் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். அசையாதே என்று சொல்லி, ஒரே இடத்தில் நின்று நாலிலும் எடுத்தார். அடுத்த வாரம் நாலு படத்தையும் ஒரே அளவில் பெரிதாகப் போட்டுக்கொண்டு வந்து கூடத்தில் வரிசையாகப் பரப்பினார். எது எந்தக் கேமரா என்று சொல்லவில்லை.

"அக்கா, எது நல்லாகீது சொல்லு."

நான் பளிச்சென்று இருந்த ஒன்றைக் காட்டினேன். அது டிஜிட்டல்.

"மாமா, நீ சொல்லு."

என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நாலையும் நிதானமாகப் பார்த்தார். "நாலுலயும் உங்க அக்கா என்ன மொறைச்சிகினுதான் கீறா. இதுல கேமரா இன்னாடா பண்ணும்?" என்றார்.

தம்பி சிரித்துவிட்டுப் பிறகு தரையில் உட்கார்ந்து விளக்கினார். "சின்ன ரோல டிஜிட்டல் தோக்கடிச்சிட்ச்சி மாமா. இனிமே அதுல சண்ட போட முடியாது. பெரிய ரோல்கிட்டதான் இன்னும் வர்ல. பாரு, அக்கா பொடவ கரையில நூல் நூலா தெரியுது. மீன் மேல வெயில் பட்ட எடம் டிஜிட்டல்ல வெறும் வெள்ளையா ஓடிப்பூட்ச்சி, ரோல்ல செதில் செதிலா நிக்குது."

"இந்த நாலாவது?" என்று கேட்டேன். அதில் என் முகம் முழுக்க மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக இருந்தது.

"அது அர ஃபிரேம். நெகட்டிவ் நகத்தளவு, அத இம்மாம் பெருசு பண்ணா புள்ளிதான் விழும். நாலுல கடைசி அதான்."

அவரே சொன்னார், கடைசி அதுதான் என்று.

அதன் பிறகு சில ஆண்டுகளில் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாலை போட்டு வைக்க ஒரு படம் வேண்டுமல்லவா? தம்பி நான் கேட்காமலே கொண்டுவந்து சுவரில் மாட்டினார். சட்டம் போட்டு, பெரிதாக. அது ஒரு காலத்தில் சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் குடும்பத்தோடு போயிருந்தபோது எடுத்தது. எல்லாரையும் படத்துக்குள் அடக்குவதற்காகத் தம்பி பின்னால் போய்க்கொண்டே இருந்து, திறந்து வைத்திருந்த புளியோதரைத் தூக்குச்சட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். அதைப் பார்த்து என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, நான் அவரோடு வாழ்ந்த காலத்தில் அப்படி நாலு தடவை பார்த்திருந்தால் அதிகம். தம்பி எழுந்திருக்காமல், புளியோதரையில் உட்கார்ந்தபடியே, அன்று கையில் இருந்த அரை ஃபிரேம் கேமராவில் அதை எடுத்துவிட்டார். முன்பல் ஒன்று உடைந்திருப்பது தெரியும். கன்னத்தில் அம்மைத் தழும்பு தெரியும். எல்லாம் புள்ளி புள்ளியாக.

எனக்குப் பிடிக்கவில்லை. துக்கத்தில் இருந்தேன் என்று சாக்குச் சொல்லமாட்டேன். என் புருஷனை ஊர் பார்க்கப்போகிறது, பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நினைத்தேன். என் பெரிய மகன் அப்பாவின் வேலை அட்டையில் இருந்த சின்னப் படத்தை ஒரு கம்ப்யூட்டர் கடையில் கொடுத்துப் பெரிதாக்கிக்கொண்டு வந்தான். தழும்பு எல்லாம் மறைந்து கன்னம் வழவழவென்று இருந்தது. வாழ்நாளில் கோட்டு போடாத மனிதருக்குக் கோட்டும் டையும் மாட்டி, பின்னால் நீல வானம் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும், "மாப்பிள்ளையாட்டம் கீறாரு" என்றார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

தம்பி மெதுவாக என் பக்கத்தில் வந்து, "அக்கா, இது மாமா இல்ல. சின்ன படத்த ஊதிப் பெருசு பண்ணிகீறாங்க. இல்லாத எடத்தையெல்லாம் கடைக்காரனே வரைஞ்சிட்டான்" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். மெதுவாக அல்ல, பந்தல் முழுக்கக் கேட்கும்படி. "இத்தினி வருசமா பொட்டிய தூக்கிகினு சுத்தறியே, ஒரு மூஞ்சிய தெரியறாப்பல எடுக்கத் தெரிஞ்சிதா உனுக்கு? கம்ப்யூட்டர் கடைக்காரன் அர மணி நேரத்துல பண்ணிட்டான். எடுத்துகினு போ உன் படத்த."

யாரோ சிரித்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும், எழுதவில்லை.

தம்பி, "சரிக்கா" என்றார். உடனே போகவில்லை. கடைசிப் பந்திவரை நின்று பரிமாறினார். இலையெல்லாம் எடுத்த பிறகு சுவரிலிருந்த தன் படத்தைக் கழற்றி, துண்டில் சுற்றி, அக்குளில் வைத்துக்கொண்டு முடிச்சூருக்குப் போனார்.

அவர் என் வீட்டுக்கு வராமல் இருந்ததில்லை. பொங்கலுக்கு வருவார், தீபாவளிக்கு வருவார். கேமரா மட்டும் வராது. என் பேரன் கல்யாணத்தில் அவர் நாற்காலியில் விருந்தாளிபோல் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வேறு யாரோ படம் எடுத்தார்கள். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே நான் தாலிக்கு அட்சதை போட்டேன். அப்போதும் கேட்கவில்லை. நான் மூத்தவள், நான் வளர்த்த பிள்ளை, அவனாகத்தான் வரட்டும் என்று இருந்தேன்.

ஒரு நாள், என் வீட்டுக்காரரோடு தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒருவர் பல காலம் கழித்துப் பம்மலுக்கு வந்தார். காபி கொடுத்தேன். சுவரைப் பார்த்துவிட்டு, "இது யாருக்கா, அண்ணனோட அண்ணனா? அண்ணன் படம் எங்க?" என்று கேட்டார். நான், "இதாம்ப்பா அவரு" என்றேன். அவர் எழுந்துபோய்க் கிட்டத்தில் பார்த்தார். "ஓ, ஆமாமா" என்று மரியாதைக்குச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அவர் போன பிறகு கண்ணை மூடிப் பார்த்தேன். எந்தக் கன்னத்தில் தழும்பு அதிகம், இடதா வலதா? வரவில்லை. எப்படி நினைத்தாலும் அந்தக் கோட்டு போட்ட ஆள்தான் வந்து நின்றார். தினமும் விளக்கேற்றி தினமும் அந்த முகத்தையே பார்த்து, என்னுடைய மனிதரின் முகத்தை நான் அழித்துவிட்டேன். தம்பி கழற்றிக்கொண்டு போன படத்தில்தான் அவர் இருந்தார். அதைக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தேன். நாளைக்கு, அடுத்த வாரம், பொங்கல் முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

அதற்குள் அந்தப் பெருவெள்ளம் வந்தது. முடிச்சூரில் தம்பி வீட்டின் கீழ்த்தளம் முழுதும் மூழ்கியது. குடும்பத்தை மாடியிலிருந்து படகில் இறக்கினார்கள். தண்ணீர் வடிந்ததும் நான் போனேன். தம்பி முற்றத்தில் சேற்றில் உட்கார்ந்திருந்தார். வாழ்நாள் முழுதும் எடுத்த நெகட்டிவ் எல்லாம் கீழே அலமாரியில் இருந்தவை. பக்கத்து இரும்புக்கடை பாய் பெரிய பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளைக் கொடுத்திருந்தார். தம்பி அவற்றில் நல்ல தண்ணீர் நிரப்பி நெகட்டிவ்களை ஊறப்போட்டிருந்தார். "காய வுடக்கூடாதுக்கா. காஞ்சா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், பிரிச்சா மூஞ்சி உரிஞ்சி வந்துடும்" என்றார். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு பேரும் ஒவ்வொரு சுருளாக அலசி, துணி காயவைக்கிற கொடியில் மாட்டினோம். மூன்று நாள் செய்தோம். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

நான் ஒவ்வொன்றையும் வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நகத்தளவு படமாக ஏதாவது வருகிறதா என்று. தம்பி பார்த்துவிட்டார்.

"இன்னாக்கா தேடற?"

"ஒண்ணுமில்லடா. சேறு போச்சான்னு பார்க்கறேன்."

அவரும் ஒவ்வொன்றையும் வெயிலில் பிடித்துத்தான் பார்த்தார். அது தொழில் பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஆண்டுகள் ஓடின. கடையை மூடினார். சிறுநீரகம் கெட்டது. வாரம் மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்யத் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனைக்குப் போய்வந்தார். ஒருமுறைகூட ஏன் எனக்கு மட்டும் என்று கேட்டதில்லை. ஊசி போடும் நர்ஸ் பெண்களிடம், முகத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் விழுந்தால் அழகு என்று சொல்லிக்கொண்டிருப்பாராம். கடைசியாக அங்கேயே படுக்கையில் சேர்த்தபோது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. அவருக்கும் தெரியும்.

ஒரு காலை, நானும் அவர் மகளும் பக்கத்தில் இருந்தோம். இனி எந்தப் பொங்கலும் இல்லை என்று எனக்கு உறைத்தது. கேட்டேன்.

"டேய், மாமா படம் கீதாடா? நீ கழட்டிகினு போனியே."

தம்பி என்னைப் பார்த்தார். "வெள்ளத்துல போச்சுக்கா. கீழ் ரூம்ல மாட்டியிருந்தேன். தெனம் பார்ப்பேன். சட்டம் மட்டும்தான் கெடச்சிது."

"நெகட்டிவ்?"

"அதத்தான அன்னிக்கி தேடின? நானும் அதத்தான் தேடிகினு இருந்தேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "கெடச்சா குடுத்துடலாம்னு இருந்தேன். கெடைக்கலன்னு தெரிஞ்சப்புறம் உங்கிட்ட எப்பிடிச் சொல்றது?"

மூன்று நாள் ஒரே தொட்டியில் கைவிட்டு, இரண்டு பேரும் ஒரே நகத்தளவு படத்தைத் தேடியிருக்கிறோம். இரண்டு பேரும் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. "வுடுக்கா, பேஜார் பண்ணாத" என்றார். மகள் அழுவது எங்களுக்குத் தெரியக்கூடாது என்று போனை முகத்துக்கு நேராகத் தூக்கிப் படம் எடுப்பதுபோல் நின்றாள். அந்த நிலையிலும் அவளை விடவில்லை. "ஜன்னலுக்கு முதுவு காட்டி நில்லு. வெளிச்சம் எம்மேல வுழட்டும்" என்றார். அவள் எடுத்தாள். வாங்கிப் பார்த்தார். கை ஆடியிருந்தது. அறையில் வெளிச்சம் போதாமல் படம் முழுக்கப் புள்ளி.

"பரவால்ல, ஆள் தெரியுது" என்றார்.

ஆறு நாள் கழித்துத் தம்பி போய்விட்டார். மூத்தவள் நான் இருக்க.

இந்த மலருக்கு அட்டைப் படம் தயாரித்தவர் தம்பியின் மருமகன். நல்ல பிள்ளை, பாசமாகத்தான் செய்தார். போனில் எடுத்த அந்தப் படத்தில் மூக்குக் குழாயை எடுத்துவிட்டு, முடியைக் கறுப்பாக்கி, வெள்ளைச் சட்டை போட்டு, பின்னால் வானம் வைத்திருந்தார். எனக்குக் கொண்டுவந்து காட்டினார். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"அந்த வானத்த எடு" என்றேன்.

"அத்தை, அது இல்லன்னா ஆஸ்பத்திரி சுவர் தெரியும்."

"தெரியட்டும். கொழாயும் தெரியட்டும்."

"பிரிண்ட்ல புள்ளி புள்ளியா விழும் அத்தை. கேக்கறவங்களுக்கு இன்னா சொல்றது?"

"கேக்கறவங்கள எங்கிட்ட அனுப்பு."

ஆகையால் இந்தப் படம் இப்படி இருப்பது அச்சகத்தின் தவறும் அல்ல, மருமகனின் தவறும் அல்ல. நான் சொல்லி வைத்தது. என் வீட்டுச் சுவரிலிருந்த கோட்டு போட்டவரை இறக்கிவிட்டேன். அந்த இடத்தில் மாட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. ஆணிக்கு நேரே விளக்கேற்றுகிறேன். தம்பிக்காவது அப்படி ஆக வேண்டாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர். வாரம் மூன்று நாள் தம்பியைக் கைத்தாங்கலாக ஏற்றி இறக்கிய ஆட்டோக்காரருக்கு. மருத்துவமனையில் அவர் பேச்சைப் பொறுமையாகக் கேட்ட நர்ஸ் பெண்களுக்கு. அன்று தொட்டிகளையும், கடைசி நாட்களில் இரத்தத்துக்கு ஆட்களையும் கொடுத்த பாய் குடும்பத்துக்கு. இரவும் பகலும் பார்த்துக்கொண்ட தம்பி மனைவிக்கும் மகளுக்கும். காரியத்தன்று வெயிலில் நின்று பரிமாறிய முடிச்சூர் தெரு மக்களுக்கு. எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

இப்போது நான் எடுத்துக்கொள்ள வேண்டிய வார்த்தை. என் தம்பிக்கு முகம் தெரியும்படி படம் எடுக்கத் தெரியாது என்று நான் சொன்னது பொய். அதைச் சொன்னபோதே அது பொய் என்று எனக்குத் தெரியும். அன்று பந்தலில் இருந்து அதைக் கேட்டவர்களில், உடம்பு முடியாமல் இன்று வர இயலாதவர்களின் வீட்டுக்குப் போகும்போது, இந்தப் பக்கத்தை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். மெதுவாக வேண்டாம். உரக்கப் படியுங்கள்.